சங்கர்ராம் அண்ணா கொடுத்த விடுமுறை

என் கணவர் வைத்தீஸ்வரனின் பெரியப்பா பிள்ளை சங்கர்ராம் பம்பாயில் எண்பத்தேழு வயதில் காலமானார். எங்கள் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்ட அன்று மத்தியானம் போனார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் போவதற்குத் தேர்ந்தெடுத்த நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பத்து நாள் விடுமுறை. மற்ற டீச்சர்கள் மூணாறு போவார்கள், வயநாடு போவார்கள், திரும்பி வந்து போட்டோ காட்டுவார்கள். என்னை யாரும் எங்கே போனாய் என்று கேட்பதில்லை. என் கையில் மசாலா வாடை போகாமல் இருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

வைத்தீஸ்வரன் எங்கள் சமூகத்தின் செயலாளர். சமூகம் என்றால் இங்கே தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களுக்குப் பொதுவான மண்டபமும் அதன் கமிட்டியும். டிசம்பர் கடைசியில் அங்கே சாஸ்தா பிரீதி நடக்கும். ஐயப்பனுக்குப் பகல் முழுக்கப் பஜனை, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. பஜனைக் கோஷ்டி பாலக்காட்டிலிருந்து வரும், தங்குவது செயலாளர் வீட்டில். வாழையிலைக் கட்டு வந்து இறங்குவது செயலாளர் வீட்டுத் தாழ்வாரத்தில். பூசணிக்காய் உருளுவது செயலாளர் மனைவியின் காலடியில். அதை முடித்துக் கை துடைப்பதற்குள் ஏகாதசி வந்துவிடும், அதன் பின்னாலேயே திருவாதிரைக் களி. நடுவில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல், பினாலே என்கிற கலைக் கண்காட்சி. அந்தச் சமயத்தில் அங்கே ஹோட்டல் அறை கிடைக்காது. எங்கள் வீட்டில் கிடைக்கும். அதனால் சென்னையிலும் புனேயிலும் இருக்கிற என் மாமியார் வழி உறவுக்காரர்களுக்கு டிசம்பர் மாதம் மட்டும் எங்கள்மேல் பாசம் பொங்கும்.

பண்டிகைக் காலத்தைத் திணறாமல் அனுபவிப்பது எப்படி என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரும். தினமும் கொஞ்ச நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள் என்று இருக்கும். அதை எழுதுகிறவருக்குச் சமையலறை என்று ஒன்று உண்டா என்று தெரியவில்லை. நான் அந்தக் காகிதத்தை விரித்து அதன்மேல் வெண்டைக்காயை உலர்த்துவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஸாதனா விஷயம்தான் பொறுக்கவில்லை. எங்களுக்கு ஒரே பெண். பெங்களூரில் வேலை. அவளுக்கும் அந்த வாரம்தான் லீவு. வந்ததும் தன் அறையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுப்பாள். போன வருஷம் ஒரு நாள் சமையலறைக்கு வந்து, ஒரு காரியம் சொல்லணும் அம்மா என்றாள். அடுப்பில் பாயசம் இருந்தது. இதைக் கொஞ்சம் கிண்டு, இதோ வரேன் என்று கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு இலை போடப் போனேன். அப்புறம் அவள் ரயில் ஏறும் நாள்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது. எர்ணாகுளம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டேன்.

"ஸாரமில்லை அம்மா, அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள். ரயில் கிளம்பிவிட்டது.

இந்த வருஷம் விடுமுறை முடிந்த கையோடு அவள் ஜெர்மனிக்குப் போகிறாள், வேலைக்கு. மூன்று வருஷ ஒப்பந்தம். அவள் கிளம்புவதற்குள், என் கையில் கரண்டி இல்லாமல், அவளோடு உட்கார வேண்டும். எனக்கு அந்த டிசம்பரில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் கோஷ்டிக்குப் பன்னிரண்டு பேர் என்று தகவல் வந்துவிட்டது. சென்னைக்காரர்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பம்பாயிலிருந்து போன் வந்தது.

வைத்தீஸ்வரன் செய்தியைக் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சமூகத்தின் தலைவர் வெங்கிடாசலம் மாமாவைக் கூப்பிட்டார்.

"மாமா, எங்க பெரியப்பா பிள்ளை சங்கர்ராம் அண்ணா பாம்பேயில போயிட்டார். மத்யானமாக்கும். உங்க காதுல போட்டுடணும்னு கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் மாமா, பங்காளியாச்சே, பத்து நாள் தீட்டாச்சே, சாஸ்தா பிரீதிக்கு இனி யார் ஓடுவது என்று பதறுவது எனக்கே கேட்டது. வைத்தீஸ்வரன், "உங்களுக்குத் தெரியாததா மாமா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

பங்காளி இறந்தால் எங்களுக்குப் பத்து நாள் தீட்டு. கோயில் கிடையாது, வீட்டில் விளக்கேற்றுவது கிடையாது, பண்டிகை கிடையாது. எங்கள் வீட்டில் வேறு யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பஜனைக் கோஷ்டியை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். வாழையிலையும் அங்கேயே போயிற்று. சென்னைக்காரர்கள் வாட்ஸாப்பில் கும்பிடும் கைகளை அனுப்பிவிட்டு ஆலுவாவில் லாட்ஜ் எடுத்தார்கள். புனேக்காரர்கள் ஊட்டிக்குப் போவதாகத் தெரிவித்தார்கள். எல்லோரும் எங்களை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

வைத்தீஸ்வரன் போய்ப் பூஜை அறைக் கதவைச் சாத்தினார். சாஸ்திர விஷயத்தில் அவர் எள்ளளவும் பிசகமாட்டார். கிரகணத்தன்று எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று புரோகிதர்களே அவருக்குப் போன் பண்ணிக் கேட்பார்கள்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். சங்கர்ராம் அண்ணாவை ஐந்து வயதிலேயே ஆலுவாவில் பிள்ளையில்லாத ஒரு வக்கீலுக்கு ஸ்வீகாரம் கொடுத்துவிட்டார்கள். பெரியாற்றங்கரையில் ஹோமம் வளர்த்து, கோத்திரம் மாற்றி, முறைப்படி தத்துக் கொடுத்தார்கள். ஸ்வீகாரம் போன பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பங்காளி இல்லை. அவர் இறந்தால் எங்களுக்குப் பத்து நாளெல்லாம் கிடையாது, தலைக்குக் குளித்தால் முடிந்தது. இதை என் மாமியார் இருந்த காலத்தில் என்னிடம் சொல்லியிருந்தார். நடந்தபோது வைத்தீஸ்வரன் பிறக்கவேயில்லை. அந்த வக்கீல் குடும்பமும் சீக்கிரமே பம்பாய்க்குப் போய்விட்டது. அதனால் இவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன்.

சொல்லவேண்டியது என் கடமைதான். ஒரு வார்த்தை போதும். சொல்வதற்காக வாயையும் திறந்தேன். அடுத்த அறையில், காலை ரயிலில் வந்திருந்த ஸாதனா தன் கட்டிலில், தன் தலையணையில், சாயங்கால வேளையில் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மூடிவிட்டேன்.

தீட்டுக் காலத்தில் கூடாது என்று சாஸ்திரம் நிறையச் சொல்லியிருக்கிறது. படகில் போகக்கூடாது என்று சொல்லவில்லை. மறுநாள் ஒரு ரசமும் துவையலும் பண்ணி வைத்துவிட்டு, நானும் ஸாதனாவும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி எர்ணாகுளம் போனோம். துக்க வீட்டில் பாயசம் எதிர்பார்க்கமாட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அன்றுதான் தெரிந்தது. பிராட்வே கடைத்தெரு நெரிசலில் இடிபட்டு அவளுக்குக் கம்பளிக் காலுறையும் குல்லாயும் தேடினோம். கடைக்காரர் மூணாறுக்கா சேச்சி என்று கேட்டார். ஜெர்மனிக்கு என்றதும் குல்லாயைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இது போதாது என்று வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அங்கிருந்து கப்பலேறும் பெட்டிகளில் சில அவள் போகிற ஹாம்பர்க்குக்கே போகும் என்று ஸாதனா சொன்னாள். பெட்டி போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் பாயசம் கிண்டச் சொன்னியோல்லியோ, அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். ஜெர்மனிக்கு அப்ளை பண்ணட்டுமா வேண்டாமான்னு."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றேன்.

"தெரியும். அதான் பாயசத்தைக் கிண்டினேன்."

கொஞ்ச தூரம் போனதும், "பயமா இருக்கும்மா," என்றாள்.

நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே அம்மா. எனக்கு அது வரவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கரை ஏறியதும் இரண்டு பேருக்கும் நல்ல பசி. ஜெட்டிக்குப் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டு பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டோம்.

அப்படியே நாட்கள் போயின. பகலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கினோம். நான் குடியிருக்கும் தெருவிலேயே நடக்கிற பினாலேயை முதல் தடவையாகப் போய்ப் பார்த்தேன். ஒரு பழைய கிடங்கில் அரிசிச் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அது கலையா, கிடங்குக்காரர் எடுக்க மறந்துபோன சாக்கா என்று எங்களுக்குள் தகராறு வந்தது. ஃபோர்ட் கொச்சியில் வருஷக் கடைசியில் கொளுத்துவதற்காகப் பாப்பாஞ்சி பொம்மை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய கிழவன் பொம்மை. தலை இன்னும் வைக்கவில்லை, தொப்பை மட்டும் முடிந்திருந்தது. ஸாதனா அதைப் பார்த்ததும் வெங்கிடாசலம் மாமா என்றாள். துக்கம் காக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது, சிரித்தோம்.

வைத்தீஸ்வரன் எங்களோடு வரவில்லை. அவர் வீட்டில் பேப்பர் படித்தார். சவரம் பண்ணாமல் தாடி விட்டார். மாமியார் போன சமயம் தவிர, கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் ரோமத்தைப் பார்த்ததில்லை. அது அரிக்கிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டு திரிந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து கொல்லைப்பக்கம் உலாத்திவிட்டு வருவார். பூஜை இல்லாத மனுஷர், பொழுது போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் அன்று வெளியே போய்விட்டு ஒரு பிளம் கேக்கோடு வந்தார். முட்டை போடாதது, இரண்டு தடவை கேட்டு வாங்கினேன் என்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று ஸாதனா என்னைப் பார்த்தாள். துக்கம் ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு விதமாகப் படுத்தும் என்றேன்.

கேக்கை வெட்டி வாயில் போட்ட சமயத்தில்தான் வாசலில் வெங்கிடாசலம் மாமா வந்து நின்றார். துக்கம் விசாரிக்க வந்திருந்தார். அந்தத் தீட்டு வீட்டு வாசலில், ஸாதனா கட்டிய காகித நட்சத்திரம் உள்ளே பல்பு எரிந்துகொண்டு ஆடிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்தார். பக்கத்தாத்து நட்சத்திரம் மாமா, ஒயர் இந்தப் பக்கமா வரது என்று சொன்னேன். கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னதால் குரல் தழுதழுத்தது, அது சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

மாமா படியேறவில்லை. கீழேயே நின்று இறந்தவருக்கு என்ன வயசு, என்ன உடம்புக்கு என்று கேட்டார். ஊரில் யார் என்ன கோத்திரம், யார் எந்தக் கிளை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இருந்தாற்போல் நெற்றியைச் சுருக்கினார்.

"சீதாலக்ஷ்மி, இந்த சங்கர்ராம் சின்னதுல ஆலுவாவுல இருந்தான்னு ஒரு ஓர்மை. ஒரு வக்கீல் ஆத்துல. அது ஏனாக்கும்?"

 இன்னும் ஒரு நிமிஷம் யோசித்தால் மனுஷர் கண்டுபிடித்துவிடுவார். பிறகு சாயங்காலத்துக்குள் கோஷ்டி திரும்பிவரும், இலைக்கட்டு திரும்பிவரும், ஆலுவா லாட்ஜ் காலியாகும். ஸாதனாவின் கட்டிலில் புனேக்காரர்களின் பையன் ஷூ காலோடு ஏறிக் குதிப்பான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக, நன்றாகவே அழுதேன். மாமா பயந்துபோனார்.

வைத்தீஸ்வரன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "அவளுக்கு மனசு சரியில்லை மாமா. உள்ள வாங்கோன்னு சொல்லவும் முடியலை. ஒண்ணும் நெனச்சுக்காதேங்கோ," என்றார். மாமா, வெஷமிக்காதே குட்டி என்று என்னைத் தேற்றிவிட்டுப் போய்விட்டார். வைத்தீஸ்வரன் வாசலில் எட்டிப் பார்த்து, நட்சத்திரத்தின் பல்பை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

சாஸ்தா பிரீதி சனிக்கிழமை வந்தது. மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். காலையிலேயே ஒலிபெருக்கியில் பஜனை ஆரம்பித்துவிட்டது. வைத்தீஸ்வரன் ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சரண கோஷத்தை வருஷா வருஷம் அவர்தான் விளிப்பார். முழங்கால் ஆபரேஷன் ஆன வருஷம்கூட ஆட்டோவில் போய், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே விளித்தார். இந்த வருஷம் வெங்கிடாசலம் மாமா விளித்தார். குரல் பாதியில் உடைந்து இருமலில் முடிந்தது.

வைத்தீஸ்வரன் உதடு மட்டும் அசைந்தது. கை தொடையில் தாளம் போட்டது. சாதம் வடிக்கும் வாசனை காற்றில் வந்தது. அவர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மறுபடி உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் உடம்பு சரியில்லாத பிள்ளைகளை விளையாட விடாமல் வராந்தாவில் உட்கார வைப்போம், அந்தப் பிள்ளைகள் மைதானத்தை அப்படித்தான் பார்க்கும்.

வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்வீகாரம் என்று ஒன்று சொன்னால், செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருப்பார். எனக்குக் கிடைத்த சந்தோஷமெல்லாம் இந்த மனுஷரிடமிருந்து பிடுங்கியது என்று தோன்றியது. மகா பாவி நான். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் ஸாதனாவின் மிச்ச நாட்கள் போய்விடும். அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அன்றைக்கு அழுதது நிஜம்.

அவர் திரும்பிப் பார்த்து, ஸாதனா எங்கே என்றார். உள்ளே துணி மடிக்கிறாள் என்றேன்.

"நீ ஏன் இங்க நிக்கறே? போய் அவகூட இரு," என்றார்.

போனேன்.

பத்தாம் நாள் காலையில் அவர் பால் வாங்க வெளியே போயிருந்தார். மறுநாள் வீட்டைச் சுத்தி பண்ணப் புரோகிதர் வருவதாக ஏற்பாடு. பூஜை அறையில் தூசியும் காய்ந்த பூவும் மண்டிக் கிடக்கும், இப்போதே பெருக்கி வைத்துவிட்டால் ஸாதனா கிளம்பும் அன்று அந்த நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன். உள்ளே போகக்கூடாது என்பது மற்றவர்களுக்குத்தான், எனக்குத்தான் உண்மை தெரியுமே. துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

காய்ந்த பூ ஒன்றுகூட இல்லை. படங்களில் நந்தியாவட்டை அன்று பறித்தது, பனி ஈரம் போகவில்லை. சாளக்கிராமத்தின்மேல் புதுத் துளசி. சந்தனக் கிண்ணத்தில் சந்தனம் குழைவாக இருந்தது. விளக்கில் திரி கருகி, அதன் சூடு இன்னும் ஆறவில்லை. மணியை எடுத்தேன். அதன் நாக்கில் ஒரு துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது. அவருடைய பழைய வேஷ்டிக் கரை.

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். பத்து நாளும் விடிவதற்கு முன்னால் கொல்லையில் பூப்பறித்து, கதவைச் சாத்திக்கொண்டு, மணிச் சத்தம் வராமல் பூஜை பண்ணியிருக்கிறார். தீட்டு இருப்பதாக நினைத்திருந்தால் அவர் வெட்டிப் போட்டாலும் அந்த வாசலைத் தாண்டியிருக்கமாட்டார். யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து தீட்டு என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அண்ணா போயிட்டார் என்றார், உங்களுக்குத் தெரியாததா என்றார். மற்றதையெல்லாம் ஊர் சொல்லிக்கொண்டது.

பால் பாத்திரத்தோடு அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். என் கையில் மணியைப் பார்த்தார்.

"அடிச்சா வெளியில கேக்குமோல்லியோ," என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"உனக்குச் சொன்ன அம்மா எனக்குச் சொல்லாம இருப்பாளா?"

அப்படியென்றால் எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். "நான் சொல்லலையேன்னு உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்றேன்.

"சொல்லிடுவியோன்னு பயந்துண்டுதான் இருந்தேன்," என்று தாடியைச் சொறிந்துகொண்டார்.

 "சாஸ்தா பிரீதியை விட்டுட்டு அந்த ஜன்னல்ல..." என்று ஆரம்பித்தேன். 

"சாஸ்தா அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பார்," என்றார். பாலைக் காய்ச்ச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனார். நான் இருக்கும்போது அவர் பால் காய்ச்சி நான் பார்த்ததில்லை.

உள்ளே ஸாதனா கூப்பிட்டாள். பெட்டி மூடவில்லையாம், மேலே ஏறி உட்கார ஆள் வேண்டுமாம். மணியைத் துணியோடு அப்படியே இருந்த இடத்தில் வைத்தேன். பூஜை அறைக் கதவைப் பழையபடி சாத்தினேன். தீட்டு முடிய இன்னும் ஒரு முழுப் பகல் இருந்தது. அதை முறைப்படி காப்பது என்று முடிவு செய்துகொண்டு, அவள் பெட்டியின்மேல் போய் உட்கார்ந்தேன்.